கீழிருந்து பார்த்த படம்

லோஜினியின் வேலை நிலைக்குமா, போகுமா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். லண்டனின் கிழக்கே பார்க்கிங் (Barking) என்ற ஊரில் ஒரு டயர்க் கடையின் பின்பக்கம் ஞானேஸ்வரன் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். அங்கே அவள் சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: "மூண்டு மாசம் வேலை செய்து பாரும், பிள்ளை. அதுக்குப் பிறகு நான் ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. மனசிலை ஒண்டும் வைச்சிருக்கக் கூடாது."

அவள் மனதில் வைத்திருந்தது ஒன்றுதான்: சாண்ட்விச் தொழிற்சாலையின் குளிர் அறை. ஜெர்மனியில் வளர்ந்தபோது அவள் மின்னணுத் தொழில் படித்தவள். பிரதாபனைக் கலியாணம் செய்து லண்டனுக்கு வந்த பிறகு அந்தச் சான்றிதழ் பெட்டிக்குள் போனது. அவளுடைய கைகள் வருடக்கணக்காகக் குளிரில் ரொட்டித் துண்டுகளுக்கு வெண்ணெய் பூசின. பிறகு துணிந்து ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளைப் பழகினாள். விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் அனுபவம் கேட்டார்கள். கேட்காமல் ஒரு நாற்காலியைக் காட்டி இருக்கச் சொன்னவர் ஞானேஸ்வரன் மட்டுமே.

அங்கே அவள் முதன்முதலாகத் தனியாக வரைந்த போர்டு ஓர் அழைப்பு விளக்குக்கானது. காது கேளாதவர்களின் வீட்டில் வாசல் மணியை யாராவது அழுத்தினால், உள்ளே விளக்கு மின்னி மின்னிக் காட்டும். அவள் குடியிருந்த பிளேஸ்டோ பகுதியில் இருந்த ஒரு சங்கம் முப்பது பெட்டி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவர்களுடைய மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

போர்டுகள் தொழிற்சாலையிலிருந்து வருவதற்கு முதல்நாள் மாலை, வீட்டுக் குசினியில் பிரதாபன் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பஸ் ஓட்டுபவன். அன்று காலை ஷிப்ட் என்பதால் சமையல் அவன் பொறுப்பு.

"லோஜி, நாள் முழுக்க அந்தக் கறுப்புத் திரையிலை கோடு இழுக்கிறீர். அது என்னத்துக்கெண்டு ஒருக்கா விளங்கப்படுத்தும் பாப்பம்."

"உங்களுக்கு விளங்குமோ?"

"லண்டன் ரோட்டெல்லாம் எனக்கு விளங்குது. இது விளங்காதே?"

அவள் சிரித்துக்கொண்டு மேசையில் இருந்து சொன்னாள். "முதலிலை ஸ்கீமேட்டிக் எண்டு ஒரு படம். ஆர் ஆரோடை தொடுப்பிலை இருக்க வேணும் எண்டு மட்டும்தான் அது சொல்லும். ஆர் எங்கை இருக்கிறது எண்டு சொல்லாது."

"சரி. கலியாண வீட்டிலை சொந்தக்காரற்றை லிஸ்ட் மாதிரி."

"ஓம். பிறகு லேயவுட். அதிலைதான் ஒவ்வொருத்தருக்கும் இடம் குடுக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் கால்கள் இருக்கு. அந்தக் கால்கள் எங்கை ஊன்ற வேணும் எண்ட அச்சுக்கு ஃபுட்பிரிண்ட் எண்டு பேர். அதை எல்லாம் வைச்சவுடனை மென்பொருள் ஒரு காலிலை இருந்து மற்றக் காலுக்கு மெல்லிய நூல் மாதிரிக் கோடு போட்டுக் காட்டும். எல்லாம் ஒண்டுக்கு மேலை ஒண்டு சிக்குப்பட்டுக் கிடக்கும். அதை எலிக்கூடு எண்டுதான் சொல்லுவினம்."

"எங்கடை வயர் போடுற மேசை லாச்சியைப் பாத்துத்தான் பேர் வைச்சிருப்பாங்கள்."

"பகிடி விடாதேங்கோ. அந்தச் சிக்கை ஒவ்வொண்டா எடுத்து, செம்பாலை உண்மையான பாதை போடுறதுதான் என்ரை வேலை. அதுக்கு ட்ராக் எண்டு பேர். மேலை இடமில்லாட்டில் போர்டிலை சின்ன ஓட்டை போட்டு, அதுக்குள்ளாலை மற்றப் பக்கத்துக்கு இறக்கலாம். எல்லாம் முடிஞ்ச பிறகு மென்பொருளே விதி பாக்கும். ரெண்டு பாதை முட்டுதோ, ஏதும் விடுபட்டுப் போச்சோ எண்டு."

"பாத்ததே?"

"பாத்தது. ஒரு பிழையும் இல்லை எண்டு வந்தது."

"பிறகென்ன? கம்ப்யூட்டரே சொன்னால் ஞானம் அண்ணை என்ன சொல்லப்போறார்?" என்று பிரதாபன் லீக்ஸைச் சட்டிக்குள் தள்ளினான்.

மறுநாள் காலை பிளேஸ்டோவில் ரயில் ஏறி பார்க்கிங்கில் இறங்கும் வரை அவள் மனது லேசாகவே இருந்தது. தொழிற்கூடத்தில் பெட்டி ஏற்கெனவே வந்திருந்தது. உள்ளே பச்சை நிறத்தில் முப்பது போர்டுகள். வெள்ளை எழுத்துகள் தெளிவாக இருந்தன. ஓரங்கள் வழுவழுப்பாக இருந்தன. திரையில் கோடாக இருந்ததெல்லாம் கையில் செம்பாக வந்திருந்தது. அவள் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் பிள்ளையாருக்கு நன்றி சொன்னாள்.

மேர்வின், ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டர் மேசையில் உட்கார்ந்தார். அவர் மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரர், பாரிஸில் பல வருடம் இதே வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர். முதல் போர்டில் பாகங்களை எல்லாம் ஒட்டி முடித்து, எஞ்சினியர் ஷங்கரிடம் நீட்டினார். ஷங்கர் திருச்சிக்காரர். ஸ்கீமேட்டிக் அவருடையது, லோஜினி வரைந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவரும் அவரே. அவர் விளக்கின் கேபிளைப் போர்டில் இருந்த கனெக்டரில் செருகி, மின்சாரம் கொடுத்தார்.

விளக்கு எரியவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு வாசம் வந்தது.

"ஆரோ கருவாடு சுடுகினம்" என்றார் மேர்வின்.

ஷங்கர் சட்டென்று மின்சாரத்தை நிறுத்தினார். இரண்டாவது போர்டைச் செய்து பார்த்தார்கள். அதுவும் அதே வாசத்தோடு போனது. ஷங்கர் மீட்டரை வைத்துக் கால் காலாக அளந்தார்.

"சார், கனெக்டர்ல மின்சாரம் வேற கால்ல வருது. ரெண்டு வரிசை, நாலு நாலு கால். இடது பக்கம் வரவேண்டியது வலது பக்கம் வருது. கண்ணாடில பாத்தா எப்படி இருக்குமோ அப்படி. நேரா சிப்புக்குள்ள பாஞ்சிடுச்சு."

"திருப்பி வைச்சால்?" என்று கேட்டார் ஞானேஸ்வரன்.

"அரைச் சுத்து திருப்பினா மேல் வரிசை கீழ வந்துடும், சார். அப்பவும் தப்புதான்."

ஞானேஸ்வரன் கனெக்டர் பொதி வந்த பையை எடுத்துப் பார்த்தார். அந்தப் பாகம் நேற்றுத்தான் வந்து சேர்ந்திருந்தது. "பிழையான சாமானை அனுப்பியிருக்கிறாங்கள். பிந்தி அனுப்பினதும் போதாதெண்டு!" என்றார். அவர் கோபம் வந்தால் உட்காரமாட்டார். நின்றபடியே விற்பனை நிறுவனத்துக்குப் போன் எடுத்து, மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

மறுமுனையில் பெட்ரீஷியா என்று ஒரு பெண். ஞானேஸ்வரன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். உங்களால் முப்பது குடும்பங்களின் விளக்கு நின்றுவிட்டது, உங்கள் கடையில் ஒருவருக்கும் கண் இல்லையா என்று கேட்டார். அந்தப் பெண் நடுவில் ஒரு சொல்லும் குறுக்கே பேசவில்லை. "மன்னியுங்கள் ஐயா. எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நானே கிடங்குக்குப் போய் அந்தத் தட்டில் உள்ளதை எல்லாம் பிரித்துப் பார்க்கிறேன். கொஞ்சம் இணைப்பில் இருங்கள்" என்றாள்.

அதற்குள் லோஜினி தன் திரையில் அந்தக் கனெக்டர் தயாரிப்பாளரின் வரைபடத்தைத் திறந்திருந்தாள். பார்த்து வரைந்த அதே படம். கால்கள், இடைவெளிகள், எண்கள் எல்லாம் அவள் வரைந்ததுபோலவே இருந்தன. பிறகு படத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. இது கீழிருந்து பார்க்கும் தோற்றம்.

அவள் மேலிருந்து பார்ப்பதாக நினைத்து வரைந்திருந்தாள்.

மென்பொருள் இதைப் பிடிக்காது. பாதை முட்டுகிறதா என்று அது பார்க்கும். ஆனால் கால்களின் அச்சையே மனிதர் இடம் வலமாக மாற்றிக் கொடுத்தால் அதையும் உண்மையென்றே நம்பும். அதற்காகத்தான் அந்தத் தொழிற்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போர்டை அனுப்புமுன் அதே அளவில் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு பாகத்தையும் தாளுக்குள் குத்தி, கால்கள் தத்தமது எண்ணில் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பார்கள். இந்தப் போர்டுக்கும் பார்த்தார்கள். கனெக்டர் மட்டும் கையில் இருக்கவில்லை. "அது வர லேட்டாகும், விடுங்க, நான் படத்தைப் பாத்துட்டேன்" என்று ஷங்கர் சொன்னார். அவளும் விட்டுவிட்டாள்.

போனில் காத்திருப்பு இசை ஓடிக்கொண்டிருந்தது. ஞானேஸ்வரன் ஜன்னலோரம் நின்றார். அவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தது. அவள் பேசாமல் இருந்தால் இன்றைக்கு யாருக்கும் தெரியவராது. நாளைக்கு விற்பனை நிறுவனம் வேறு கனெக்டர் அனுப்பும், அதுவும் பொருந்தாது, அதற்குள் குழப்பம் நாலு பக்கமும் பரவி, பிழை யாருடையது என்றே தெரியாமல் போகும். வெள்ளிக்கிழமை கடந்துவிடும். குளிர் அறையின் பிளாஸ்டிக் திரை அவள் கண்முன் ஒருமுறை ஆடியது.

ஆனால் எங்கோ ஒரு கிடங்கில், ஒரு பெண் ஏணியில் ஏறி, செய்யாத பிழையைத் தேடிப் பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை" என்றாள் லோஜினி. "போனை வையுங்கோ. அவை சரியான சாமான்தான் அனுப்பியிருக்கினம். பிழை என்ரை."

ஞானேஸ்வரன் திரும்பினார்.

"படத்தைக் கீழை இருந்து பாக்கிற மாதிரிப் போட்டிருக்கினம். நான் மேலை இருந்து எண்டு நினைச்சு வரைஞ்சிட்டன். ஃபுட்பிரிண்ட் இடம் வலமா மாறிப் போச்சு."

அவர் திரைக்கு வந்து குனிந்து அந்த வரியைப் படித்தார். பிறகு மேசைக்குப் போனார். "பிறகு எடுக்கிறம்" என்று காத்திருப்பு இசைக்கே சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வெளியே போய், டயர்க் கடைக்காரர்கள் சக்கரம் கழற்றும் இடத்தில் மழைத் தூறலில் நின்றார்.

"ஏங்க உடனே சொன்னீங்க?" என்று ஷங்கர் தாழ்ந்த குரலில் கேட்டார். "கொஞ்சம் பொறுத்திருந்தா ஏதாவது யோசிச்சிருக்கலாமே. வெள்ளிக்கிழமை உங்களுக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிண்டுது, ஷங்கர். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு."

ஷங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். பிறகு எழுந்து, குடை இல்லாமல் வெளியே போனார். கதவு திறந்திருந்ததால் பேச்சு உள்ளே கேட்டது.

"சார், படத்தைப் பாத்துட்டேன்னு சொன்னது நான்தான். பாக்கல. ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். பேப்பர் டெஸ்டை நிறுத்தச் சொன்னதும் நான்."

"நல்லது. இப்ப எனக்கு ரெண்டு பிழைகாரர்" என்றார் ஞானேஸ்வரன். "ரெண்டு பேரையும் நான் என்ன, கூட்டிக் கழிக்கிறதே? வெள்ளிக்கிழமை அந்தச் சனத்துக்கு என்னத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறது? அதைச் சொல்லும்."

புதிதாகப் போர்டு செய்வித்தால் அடுத்த வாரம் முழுக்கப் போய்விடும். ஒவ்வொரு காலையும் வெட்டி, மெல்லிய கம்பியால் மாற்றி இழுக்கலாம். ஆனால் அப்படி ஒட்டுப்போட்ட ஒன்றை, மணிச்சத்தம் கேட்காத ஒருவர் இரவும் பகலும் நம்பியிருக்கும்படி கொடுக்க ஷங்கருக்கு மனது ஒப்பவில்லை.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மேர்வின் மட்டும் தன் பாண் துண்டில் பாதியைப் பிய்த்து லோஜினியின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். "பட்டினி கிடந்தால் போர்டு திரும்பிடுமோ? சாப்பிடும்" என்றார்.

அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டபோது மறுபடியும் அந்த ஏணி நினைவுக்கு வந்தது. பிறகு எடுக்கிறோம் என்று சொன்னதோடு சரி. பிழை உங்களுடையது இல்லை என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. அவள் இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். வேலை போகும்போது போகட்டும், இது ஒன்றையாவது சரிசெய்யலாம் என்று லோஜினிக்குத் தோன்றியது. ஞானேஸ்வரனிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணை, அந்தப் பெண்ணிட்டை நான் ஒருக்கா கதைக்கட்டே? பிழை எங்கடை எண்டு சொல்ல வேணும்."

"சொல்லி என்ன வரப்போகுது?"

"ஒண்டும் வராது. ஆனால் சொல்ல வேணும்."

அவர் அவளைப் பார்த்தார். "சரி, கதையும்" என்று போனைத் தள்ளினார். தான் காலையில் திட்டுவதற்கு எடுத்த போனை அவள் கையில் கொடுக்கும்போது அவருடைய முகம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

பெட்ரீஷியாவே எடுத்தாள். லோஜினி தன் ஜெர்மன் சாயல் ஆங்கிலத்தில், தயங்கித் தயங்கிச் சொன்னாள். காலையில் உங்களைத் திட்டியது எங்கள் நிறுவனம். சாமான் சரியானது. படத்தைப் பிழையாகப் பார்த்தது நான். உங்களை வீணாகக் கிடங்குக்கு அனுப்பிவிட்டோம். மன்னியுங்கள்.

மறுமுனையில் ஒரு நீண்ட சிரிப்பு கேட்டது.

"ஐயோ, நான் தட்டு முழுவதையும் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். பரவாயில்லை, தூசியாவது தட்டினேன். இப்படிப் பலர் கோபமாகப் பேசுவார்கள். திரும்ப எடுத்து இது எங்கள் பிழை என்று சொன்னவர்களை நான் கண்டதே இல்லை." பிறகு அவள் குரல் மாறியது. "இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?"

"தெரியவில்லை. ஃபுட்பிரிண்ட் கண்ணாடியில் பார்த்தமாதிரி இருக்கிறது."

"எனக்குப் போர்டு வரையத் தெரியாது. ஆனால் போன மாதம் ஒருவர் இதே கனெக்டரைத் திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். மறுநாள் வேண்டாம் என்றார். போர்டின் அடிப்பக்கத்திலிருந்து வைத்துவிட்டாராம். உங்களுடையதுக்குக் கீழே இடம் இருக்கிறதா?"

லோஜினி நன்றி சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை. போனை வைத்துவிட்டு, வெறும் போர்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பிடித்தாள். கனெக்டரின் கால்களைப் பின்பக்கத்துத் துளைகளுக்குள் நுழைத்தாள். ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலிருந்து வலதாக இருந்தது கீழிருந்து இடதாக இருந்தது. முதற்கால் முதற்காலின் துளைக்குள், எட்டாவது எட்டாவதற்குள். எல்லாம் தத்தமது இடத்தில் போய் நின்றன.

"ஷங்கர்! இஞ்ச வாங்கோ!"

ஷங்கர் வந்து பார்த்தார். மீட்டரை வைத்தார். ஒவ்வொரு காலுக்கும் அது கீச்சிட்டது. அவர் முகத்தில் முதலில் மகிழ்ச்சியும் பிறகு கவலையும் வந்தன.

"கரெக்ட்தான். ஆனா பெட்டிக்குள்ள எப்படி? போர்டு நாலு குட்டித் தூண் மேல நிக்குது. கனெக்டர் அந்தத் தூணைவிட உயரம். அதுக்கும் கீழ கேபிள் வேற வரணும்."

"தூணை உயர்த்தினால்?"

"அப்ப மேல பட்டன் போய் மூடில இடிக்கும்."

"இடிக்குமோ இல்லையோ எண்டு அளந்து போட்டுக் கதையுங்கோவன்" என்றார் மேர்வின். அவர் ஏற்கெனவே பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அலுமாரியின் அடித்தட்டில் வேறொரு வேலையில் மிஞ்சிய நீளமான தூண்களைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்து முறுக்கிப் பூட்டினார். போர்டை வைத்தார். மூடியை மெதுவாக இறக்கினார். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

மூடி படிந்தது. பட்டனுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு நகத்தின் கனம் இடைவெளி இருந்தது.

"யேசுவே" என்றார் மேர்வின். "முருகா" என்றாள் லோஜினி, அதே நேரத்தில். ஷங்கர் சிரித்துவிட்டார்.

சோல்டர் செய்து, கேபிளைக் கீழிருந்து செருகி, மின்சாரம் கொடுத்தார்கள். ஷங்கர் வாசல் மணியின் பொத்தானை அழுத்தினார். விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. கருவாட்டு வாசம் வரவில்லை. மறுபடியும் வெளியே போய் நின்றிருந்த ஞானேஸ்வரன் ஜன்னலில் வெளிச்சம் துள்ளுவதைக் கண்டு உள்ளே வந்தார். போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேபிளை இழுத்துப் பார்த்தார். மூடியை மூன்று தரம் திறந்து மூடினார்.

"தூண் முப்பதுக்கும் போதுமே, மேர்வின்?"

"பாதிக்குக் காணும். மிச்சத்துக்கு அப்டன் பார்க்கிலை இருக்கிற மச்சான்ரை கடையிலை சொல்லி எடுப்பிக்கலாம். ஆனால் ஒண்டு சொல்லுறன் முதலாளி, இவ்வளவு காலம் சோல்டர் பிடிச்சும் ஒருத்தரும் என்னைத் தலைகீழா வை எண்டு கேட்டதில்லை. கூலி கூடக் கேப்பன்."

"நேரா வைச்சதுக்கே உமக்குக் கூலி கூட" என்றார் ஞானேஸ்வரன். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அதுதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார்கள். கருகிய இரண்டு போர்டுகளின் சிப்பையும் ஷங்கர் தானே கழற்றிப் புதிது வைத்தார். ஒவ்வொரு போர்டையும் லோஜினி தன் கையால் சோதித்துப் பெட்டியில் அடைத்தாள். ஞானேஸ்வரன் வழக்கம்போல வந்தார், போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. காலையில் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு, எது வந்தாலும் பணிவோடு ஏற்றுக்கொள்ளும் மனதை மட்டும் கேட்டாள். கேட்டது முழுவதும் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை ஞானேஸ்வரன் வான் வண்டியை ஓட்ட, அவள் மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். வழி நெடுக நெரிசல். அவர் செய்தி கேட்டுக்கொண்டே வந்தார்.

பிளேஸ்டோ மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பேச்சுச் சத்தம் இல்லை. ஆனால் அமைதியும் இல்லை. எல்லோருடைய கைகளும் கதைத்துக்கொண்டிருந்தன. சங்கத்தின் செயலாளர் மேடையில் ஒரு பெட்டியை வைத்துச் செருகினார். வெளிக்கதவில் பொருத்திய மணியை அழுத்த ஒரு சிறுமி ஓடினாள். மண்டபத்தின் விளக்குகள் அணைந்தன.

மேடையில் வெளிச்சம் துள்ளியது. சிறுமி விடாமல் அழுத்தினாள். வெளிச்சமும் விடாமல் துள்ளியது. விளக்குகள் திரும்பப் போடப்பட்டபோது, அங்கிருந்த எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து அசைத்துக்கொண்டிருந்தார்கள். லோஜினிக்கு முதலில் விளங்கவில்லை. கைதட்டினால் கேட்காதவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி தட்டுகிறார்கள் என்று பிறகு விளங்கியது. பக்கத்தில் ஞானேஸ்வரன் கொஞ்சம் வெட்கத்தோடு, யாரோ எறிந்த பந்தைப் பிடிக்கப் போகிறவரைப் போலத் தன் கைகளையும் உயர்த்தினார்.

பெட்டிகளை எல்லாம் கொடுத்து முடித்து வான் வண்டிக்கு வந்தபோது தூறல் நின்றிருந்தது. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றார்.

"திங்கட்கிழமை வந்த உடனை அந்த ஃபுட்பிரிண்டைத் திருத்தும். அடுத்த முப்பதும் கேக்கினம். முதற்கால் எது எண்டு போர்டிலை ரெண்டு பக்கமும் வெள்ளை எழுத்திலை போட்டுவிடும். சோல்டர் பிடிக்கிற ஆளுக்குத் தெரிய வேணும்."

"அப்ப... நான் திங்கட்கிழமை வரலாமே, அண்ணை?"

"நீர் வராமல் ஆர் திருத்திறது, நானோ? எனக்கு அந்த மென்பொருளைத் திறக்கவே தெரியாது." அவர் வீதியைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "அண்டைக்கு மழையிலை நிக்கேக்கை உம்மை அனுப்பிறது எண்டுதான் நினைச்சன். பொய் சொல்லேல்லை. பிறகு நீர் வந்து, ஒண்டும் வராது, ஆனால் சொல்ல வேணும் எண்டீரே. எனக்கு இரவு முழுக்க அது காதுக்குள்ளை நிண்டுது. பிழை விடுற ஆளை நான் பழக்கி எடுக்கலாம். பிழையை மற்றவன்ரை தலையிலை வைக்கிற ஆளைப் பழக்க எனக்குத் தெரியாது." கதவைத் திறந்தார். "இனிச் சாமான் கைக்கு வராமல் ஒரு போர்டும் வெளியிலை போகாது. ஷங்கரிட்டையும் சொல்லியிருக்கிறன்."

"ஓம், அண்ணை."

"இன்னொண்டு. அந்தப் பெண்ணுக்கு நேற்று நானும் போன் எடுத்தன். மன்னிப்புக் கேட்டன். சிரிச்சுப்போட்டு, தூசி தட்டக் காசு அனுப்பச் சொல்லுறாள்." அவர் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "ஏறும். வீட்டு வாசலிலை இறக்கிவிடுறன்."

"நான் நடந்து போறன், அண்ணை. கிட்டத்தான்."

அவள் நடந்தாள். கடைத்தெருவில் மாலைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. பிரதாபனுக்குப் போன் எடுத்தாள். அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, சாமிப் படத்தின் முன்னால் விளக்கை ஏற்றினாள். வாரம் முழுவதும் ஒரே வேண்டுதலோடு அந்த இடத்தில் நின்றவளுக்கு இன்று கேட்க ஒன்றும் வரவில்லை. பிறகு, முகம் தெரியாத பெட்ரீஷியாவுக்கு யாரும் இனிக் கோபமாகப் போன் எடுக்காத ஒரு நல்ல வாரத்தைக் கொடு என்று கேட்டுக்கொண்டு, அரிசி கழுவப் போனாள்.